விளிம்பில் நிற்பதற்கும் கட்டணமா?

அழைக்கப்படாத எட்டு விருந்தினர் வந்து தொடங்கிவைத்த விழா அது. 1947ஆம் ஆண்டு, போரின் புண்கள் இன்னும் ஆறாத ஐரோப்பாவில், ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் பன்னாட்டுக் கலைவிழா ஒன்று முதன்முறையாகக் கூடியது. பேர்பெற்ற இசைக்குழுக்களும் நாடகக் குழுக்களும் முறைப்படி அழைக்கப்பட்டிருந்தன. அழைப்பு வராத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்திறங்கின. கிடைத்த மண்டபங்களைப் பிடித்துக்கொண்டு நாடகம் போட்டன. மறு ஆண்டு ராபர்ட் கெம்ப் என்ற ஸ்காட்டிய நாடகாசிரியர் பத்திரிகைக் கட்டுரையொன்றில் இத்தகைய குழுக்களைப் பற்றி எழுதும்போது, அதிகாரபூர்வ விழாவின் விளிம்பில் நிற்பவை என்ற பொருளில் ஒரு சொல்லைக் கையாண்டார். அந்தச் சொல்லே பெயராகி நிலைத்துவிட்டது. இன்று 'ஃபிரிஞ்ச்' என்று உலகம் அழைக்கும் விளிம்பு நாடக விழாவின் பிறப்பு இதுதான்.

அந்த எட்டுக் குழுக்களில் ஒன்றைப் பற்றி நம் வாசகர்கள் சிறப்பாக அறிந்துகொள்ள வேண்டும். ஏழு குழுக்கள் எடின்பரோவிலேயே ஆடின. எட்டாவது குழு ஆற்றைக் கடந்து ஏறக்குறைய இருபது மைல் அப்பால், டன்ஃபர்ம்லின் மடாலயத்தில் தன் நாடகத்தை நடத்தியது. ஸ்காட்லாந்தின் அரசியான புனித மார்கரீத் அடக்கம் செய்யப்பட்ட மடாலயம் அது. அங்கே ஆடப்பட்ட நாடகம், 'ஒவ்வொரு மனிதனும்' என்று பொருள்படும் 'எவ்ரிமேன்'. பதினைந்தாம் நூற்றாண்டின் கத்தோலிக்க ஐரோப்பா நமக்கு விட்டுச்சென்ற அறநெறி நாடகம். சாவு ஒரு மனிதனிடம் வந்து, உன் கணக்கேட்டை எடுத்துக்கொண்டு ஆண்டவரிடம் வா என்று அழைக்கிறது. நட்பு பின்வாங்குகிறது, சுற்றம் சாக்குச் சொல்கிறது, அவன் சேர்த்துவைத்த செல்வமோ, உன்னைக் கெடுத்ததே நான்தான் என்று கைவிரிக்கிறது. அவன் செய்த நற்செயல் மட்டும் அவனோடு கல்லறைக்குள் இறங்குகிறது.

கணக்கேட்டைக் கொண்டுவா என்று கேட்கும் நாடகத்தோடு பிறந்த விழாவிடம் இன்று நாம் கணக்குக் கேட்டால் தவறாகுமா?

இந்த விழாவின் பெருமை அதன் திறந்த கதவு. 1958இல் இதற்கென ஒரு சங்கம் அமைக்கப்பட்டபோது, எந்த நாடகத்தையும் தேர்ந்தெடுப்பதோ தள்ளுவதோ தன் வேலையன்று என்பதை அச்சங்கம் அடிப்படைக் கொள்கையாக ஏற்றது. தேர்வுக்குழு இல்லை, தணிக்கையும் இல்லை. உலகின் பல நகரங்கள் இந்த முறையைப் பார்த்தே தங்கள் விளிம்பு விழாக்களை அமைத்துக்கொண்டன. நல்ல பலனும் இல்லாமல் போகவில்லை. 1966இல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் டாம் ஸ்டாப்பர்டு என்ற, அன்று பெயர் தெரியாத எழுத்தாளரின் நாடகத்தைக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டே அது லண்டன் தேசிய நாடக அரங்கில் ஏறியது. 2013இல் ஃபீபி வாலர்-பிரிட்ஜ் தனியொருத்தியாக நின்று நடித்த 'ஃப்ளீபேக்', 2017இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் மேடையேற்றிய 'சிக்ஸ்' ஆகியவையும் இங்கிருந்தே உலகைச் சுற்றப் புறப்பட்டன. 2019இல் 3,800க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடந்தன. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் கொடுக்கப்பட்டன. எட்டுக் குழுக்கள் எங்கே, இந்தப் பெருக்கம் எங்கே!

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யாரும் தேர்ந்தெடுப்பதில்லை என்பது இன்று பாதி உண்மையே. ஆட்கள் தேர்ந்தெடுப்பதில்லை, பணம் தேர்ந்தெடுக்கிறது. தேர்வுக்குழுவையாவது எதிர்த்து வாதாடலாம், அதன் தீர்ப்பைப் பத்திரிகையில் கண்டித்து எழுதலாம். பணப்பை ஒருவரைத் தள்ளும்போது அது ஒரு தீர்ப்பாகவே யாருக்கும் தோன்றுவதில்லை. வராதவர் வர விரும்பாதவர் என்றே எண்ணிக்கொள்கிறோம்.

ஒரு குழு தன் நாடகத்தை இந்த விழாவுக்குக் கொண்டுவருவது எப்படி என்று பார்த்தால் இது விளங்கும். விழாவின் கையேட்டில் பெயர் வருவதற்குச் சங்கத்திடம் பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டும். சங்கம் அரங்கம் தருவதில்லை. அரங்கத்தைத் தனியாக ஒரு நிறுவனத்திடம் பேசிப் பிடிக்க வேண்டும். அரங்கம் என்றால் பெரும்பாலும் பல்கலைக்கழக வகுப்பறை, மதுக்கடையின் நிலவறை, ஆலய மண்டபம் இப்படி ஏதேனும் ஒன்று, கறுப்புத் துணி கட்டி ஒரு மாதத்துக்கு அரங்கமாக்கப்பட்டிருக்கும். டிக்கெட் வசூலில் நூற்றுக்கு நாற்பது அரங்கத்தாருக்கு, அறுபது குழுவுக்கு என்பது பரவலாக உள்ள உடன்பாடு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பல உடன்படிக்கைகளில் அதன் அடியில் இன்னொரு வரி உண்டு: குறைந்தபட்ச உறுதித்தொகை. இத்தனை இருக்கைகள் விற்றதாகவே வைத்துக்கொண்டு அரங்கத்தாரின் பங்கு முன்கூட்டியே கணக்கிடப்படும். அத்தனை பேர் வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தொகையைக் குழு கொடுத்தே தீர வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என்னுடையவை, முறை அவர்களுடையது. அறுபது இருக்கைகள் கொண்ட அறை, பத்துப் பவுண்டு டிக்கெட், இருபத்து நான்கு நாள்கள். நாள்தோறும் அறை நிறைந்தால் 14,400 பவுண்டு. உறுதித்தொகை நூற்றுக்கு நாற்பது இருக்கைகளுக்குக் கணக்கிடப்பட்டால், அதாவது 5,760 பவுண்டு வசூலில் அரங்கத்தாரின் நாற்பது விழுக்காடு என்றால், 2,304 பவுண்டு. உண்மையில் நாளொன்றுக்கு இருபது பேர் வருகிறார்கள் என்று கொள்வோம். பெயர் தெரியாத குழுவுக்கு இருபது பேர் என்பது கௌரவமான கூட்டம். வசூல் 4,800 பவுண்டு. அதில் நாற்பது விழுக்காடு 1,920தான். ஆனாலும் குழு கொடுக்க வேண்டியது 2,304. மீதி 2,496 பவுண்டு. இதிலிருந்துதான் மதிப்புக் கூட்டு வரி, பதிவுக் கட்டணம், விளம்பரக் கட்டணம், சுவரொட்டி, துண்டறிக்கை, ஒளியமைப்பாளரின் சம்பளம், பயணச் செலவு எல்லாம். இத்தனைக்கும் மேல் ஆகஸ்டு மாத எடின்பரோவில் வீட்டு வாடகை. அந்த மாதத்தில் அந்நகரின் வாடகை எந்த அளவுக்கு ஏறும் என்பதை அங்கே தங்கியவர்கள் அறிவார்கள். மூன்று பேருக்கு ஒரு மாதம் தலைசாய்க்க இடம் தேடினால் மேற்கண்ட மீதி அதற்கே போதாது. நடிகர்களின் ஊதியம் என்ற சொல்லை நான் இதுவரை எழுதவில்லை. கணக்கில் அதற்கு இடமில்லாததே காரணம்.

ஆக, மக்கள் நாடகம் பார்க்கிறார்கள். அரங்கத்தாருக்கும் வீட்டுக்காரருக்கும் அச்சகத்தாருக்கும் விளம்பர முகவருக்கும் பணம் போகிறது. நாடகத்தை உண்டாக்கியவர் தம் சேமிப்பிலிருந்து மற்ற அனைவருக்கும் படியளக்கிறார். பகலில் ராயல் மைல் வீதியில் மழையில் நின்று போவோர் வருவோரிடம் துண்டறிக்கை நீட்டுகிறவரும் அவரே. (எடின்பரோவின் ஆகஸ்டு மழையைக் கோடை மழை என்று நினைத்துக் குடையில்லாமல் போகிறவர்கள் பாவம்.)

பணத்தின் இந்தத் தீர்ப்பு யார் வரலாம் என்பதோடு நின்றுவிடுவதில்லை. வந்தவர் எதை எழுதலாம் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. இதுவே என்னை அதிகம் வருத்துகிறது. ஒரே அறையில் காலை முதல் நள்ளிரவு வரை பல நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒரு குழு வெளியேறி அடுத்த குழு நுழைவதற்குக் கால் மணி நேரம் கிடைத்தால் அதிகம். ஆகவே காட்சிப் பொருள்கள் ஒரு பெட்டிக்குள் அடங்க வேண்டும். விளக்குகளை எல்லாக் குழுக்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும். நடிகர் எண்ணிக்கை குறையக் குறைய வாடகையும் குறையும். இதன் விளைவு என்ன? ஒருவரே நின்று தம் வாழ்க்கையைச் சொல்லும் நாடகம் பெருகுகிறது. அது நல்ல வடிவமே. அதில் அரிய படைப்புகள் உண்டு. ஆனால் ஒரு வடிவம் கலைஞரின் விருப்பத்தால் பெருகுவது வேறு, வாடகைச் சீட்டின் கட்டளையால் பெருகுவது வேறு. 'எவ்ரிமேன்' நாடகத்தில் பதினேழு பாத்திரங்கள் உண்டு. சாவும் நட்பும் சுற்றமும் செல்வமும் அழகும் வலிமையும் ஒவ்வொன்றாக மேடைக்கு வர வேண்டும். 1947இல் டன்ஃபர்ம்லினில் ஆடிய அந்த நாடகத்தை இன்று சம்பளம் கொடுத்து விளிம்பு விழாவுக்குக் கொண்டுவர எந்தச் சிறு குழு துணியும்? பெருங்கூட்டமாக இன்றும் வருகிறவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்களே. அவர்களுக்குச் சம்பளம் தேவையில்லை. பின்னால் கல்லூரியும் பெற்றோரும் இருக்கிறார்கள். சுரங்கத் தொழிலாளியின் மகளும் பேருந்து ஓட்டுநரின் மகனும் எழுதிய நாடகம் என்னவாயிற்று என்று கேட்டால், பதில் சொல்ல அந்த நாடகம் அங்கே இல்லை. ஆசியாவிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ வரும் குழுவின் கணக்கில் விமானக் கட்டணமும் விசாக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும்.

இந்த ஏற்பாட்டை ஆதரிப்பவர்கள் சொல்வதென்ன? இது ஒரு முதலீடு என்கிறார்கள். இங்கே இழப்பதை வேறிடத்தில் பெருக்கிக்கொள்ளலாம்; பத்திரிகை விமர்சனம் கிடைக்கும், தொலைக்காட்சிக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், லண்டனுக்குக் கதவு திறக்கும். உடனே 'ஃப்ளீபேக்' என்ற பெயரை உச்சரிக்கிறார்கள். கப்பலில் போய்க் கரைசேர்ந்தவனை மட்டும் அழைத்துக் கடலைப் பற்றிச் சான்று சொல்லவைப்பது போன்றது இது. அதே ஆண்டு அதே நகரில் நாடகம் போட்டுவிட்டுக் கடனோடு ஊர் திரும்பியவர்களின் பட்டியலை எந்தக் கையேடும் அச்சிடுவதில்லை. அன்றியும், முதலீடு செய்பவன் தன் பணம் போகும் தொழிலின் நிலவரத்தைக் கேட்டு அறிய உரிமையுள்ளவன். அரங்கம் பிடிக்கும் குழுவுக்கு, சென்ற ஆண்டு இதே அறையில் இதே மணிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை எழுத்தில் தரும் கடமை யாருக்கும் விதிக்கப்படவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு போடும் பணத்தை முதலீடு என்பதா, சூதாட்டம் என்பதா?

அரங்கத்தார் கொள்ளைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்காக வகுப்பறையை அரங்கமாக்குவது எளிதன்று. இருக்கைகள் அடுக்க வேண்டும்; தீத்தடுப்பு விதிகள், உரிமக் கட்டணம், மின்சாரம், வேலையாட்கள் என்று செலவுகள் அடுக்கடுக்காக வரும். 2020இல் கொள்ளைநோயால் விழாவே நின்றுபோனபோது அவர்களும் கடனாளிகள் ஆனார்கள். இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பின்பும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஆபத்தை யார் தாங்குவது? பல அறைகள் நடத்தும் நிறுவனத்துக்கு நூறு நாடகங்கள் உண்டு; பத்து விழுந்தாலும் மற்றவை தாங்கும். குழுவுக்கு இருப்பதோ ஒரே நாடகம். பரவலாகத் தாங்கக்கூடியவரின் தோளிலிருந்து சுமையை இறக்கி, ஒற்றைத் தோளில் ஏற்றுவதுதான் உறுதித்தொகை என்ற அந்த ஒற்றை வரி.

இந்த அநீதியை உணராமல் இல்லை. விழாச் சங்கத்தின் தலைவராக 2021இல் பொறுப்பேற்ற வாலர்-பிரிட்ஜ், 2023இல் சங்கத்தோடு சேர்ந்து ஓர் உதவி நிதியைத் தொடங்கினார். ஐம்பது குழுக்களுக்குத் தலா 2,000 பவுண்டு. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் அரசின் பணத்தால் அது 180 உதவித்தொகைகளாயிற்று. தலா 2,500 பவுண்டு. நல்ல மனத்தோடு செய்த காரியம், பெற்றவர்களுக்குப் பேருதவி. ஆனாலும் இதிலுள்ள முரணைக் கவனியுங்கள். அவ்வாண்டு நடந்த நிகழ்ச்சிகள் 3,500க்கும் மேல். அவற்றில் 180க்கு உதவி என்றால், யாருக்கு என்று யாரோ உட்கார்ந்து தேர்ந்தெடுத்தாக வேண்டும். முன்வாசலில் நுழையவிடாத தேர்வுக்குழு பின்வாசல் வழியாக வந்து அமர்ந்துவிட்டது! மேலும், அரசு கொடுத்த பணம் கலைஞரின் பையில் எத்தனை நாள் தங்கும்? 2,500ஐ வாங்கிய கை 2,304ஐ உறுதித்தொகையாகக் கொடுத்துவிட்டால், அந்த உதவி யாருக்குச் செய்யப்பட்டது?

அப்படியானால் பழையபடி தேர்வுக்குழுவே வரட்டும், தரமானவற்றை மட்டும் அழைக்கலாம் என்று சிலர் சொல்லக்கூடும். அதை நான் முற்றாக எதிர்க்கிறேன். அழைப்பவர்களின் ரசனைக்கு அப்பாற்பட்டது ஒன்று இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த விழாவே தோன்றியது. கதவு திறந்தே இருக்கட்டும். வாசற்படியின் உயரத்தைக் குறைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

குறைக்க முடியும் என்பதற்குக் கனடா சாட்சி. 1982இல் எட்மன்டன் நகரில், எடின்பரோவை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு விளிம்பு விழா தொடங்கப்பட்டது. பின்னர் அந்நாட்டின் பல நகரங்களுக்கும் பரவிய இவ்விழாக்கள் தமக்குள் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்திக்கொண்டு சில கொள்கைகளை வகுத்தன. தரம் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை; இடம் குறைவாகவும் கேட்பவர் அதிகமாகவும் இருந்தால் திருவுளச்சீட்டுப் போடுகிறார்கள். நாடகத்தின் உள்ளடக்கத்தில் விழா தலையிடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கலைஞர் நிர்ணயிக்கும் டிக்கெட் விலை முழுவதும், நூற்றுக்கு நூறும், கலைஞருக்கே. குழு முன்கூட்டியே ஒரு கட்டணம் செலுத்துகிறது. அதற்கு ஈடாக அரங்கத்தையும் தொழில்நுட்ப உதவியையும் டிக்கெட் விற்பனையையும் விழாவே ஏற்கிறது. பார்வையாளரிடம் டிக்கெட்டோடு சிறு தொகை கூடுதலாகப் பெறுகிறார்கள். புரவலர்களும் தொண்டர்களும் மீதியைத் தாங்குகிறார்கள். அரங்கத்தின் பொருட்டு நான் இழக்கக்கூடியது அதிகபட்சம் எவ்வளவு என்பது விண்ணப்பம் எழுதும் நாளிலேயே கலைஞருக்குத் தெரிந்துவிடுகிறது.

இதற்கும் விலையுண்டு, மறைக்க வேண்டியதில்லை. சீட்டு விழாதவர் அந்த ஆண்டு வெளியே நிற்கிறார், அல்லது தாமே ஓர் இடம் தேடிக்கொள்கிறார். எட்மன்டனில் நடப்பவை ஏறக்குறைய இருநூறு நிகழ்ச்சிகள். எடின்பரோவின் ஆயிரங்களோடு அதை ஒப்பிட முடியாது. அண்மை ஆண்டுகளில் அங்கும் பணமுடை தலைகாட்டியிருக்கிறது. எனினும் சீட்டு ஏழையையும் செல்வரையும் ஒரே கண்ணால் பார்க்கிறது. உறுதித்தொகை அப்படிப் பார்ப்பதில்லை.

எடின்பரோவுக்குள்ளேயே பிறந்த மாற்று வழி ஒன்றும் உண்டு. 1996இல் பீட்டர் பக்லி ஹில் என்ற நகைச்சுவைக் கலைஞர் 'இலவச விளிம்பு' என்ற முறையைத் தொடங்கினார். மதுக்கடைகளின் பின்னறைகளை வாடகையில்லாமல் பெறுவது, டிக்கெட் கிடையாது, நிகழ்ச்சியின் முடிவில் வாசலில் நின்று தொப்பியை நீட்டுவது. கடைக்காரருக்கு வியாபாரம், கலைஞருக்குத் தொப்பியில் விழுவது. நகைச்சுவை பேசுவோருக்கு இது பெருந்துணையாயிற்று. நாடகத்துக்கோ முழுமையாக உதவாது. சுவருக்கு அப்பால் கிண்ணங்கள் மோதும் ஓசை கேட்கும் அறையில், ஒரு பாத்திரம் மௌனமாக நிற்கும் கணத்தை எப்படிக் காப்பாற்றுவது?

நாடகத்துக்கு வேண்டிய இருளும் அமைதியும் உள்ள கட்டடங்கள் அந்நகரில் யாரிடம் இருக்கின்றன? பல்கலைக்கழகத்திடமும் ஆலயங்களிடமும். விழா அரங்குகளில் கணிசமானவை இவ்விரு சாராரின் கட்டடங்களே. 1948இல் அதிகாரபூர்வ விழாவினர் டேவிட் லின்ட்ஸேயின் பதினாறாம் நூற்றாண்டு நாடகமொன்றை மேடையேற்றினார்கள். குருக்களையும் பிரபுக்களையும் வணிகர்களையும் ஒருங்கே சாடும் நாடகம். அதைச் சுருக்கிச் செப்பனிட்டவர் முன்னே சொன்ன அதே ராபர்ட் கெம்ப். அதற்கு இடம் கொடுத்தது ஸ்காட்லாந்துச் சபையின் பேரவை மண்டபம். சமயத் தலைவர்கள் கூடி முடிவெடுக்கும் அவையில் சமயத் தலைவர்களைக் கிண்டல் செய்யும் நாடகம்! அத்தகைய பெருந்தன்மை ஒரு காலத்தில் இருந்தது. அதே மண்டபத்தில் இன்று விளிம்பு விழா நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. கூரை பழுதுபார்க்க ஆகஸ்டு வாடகை ஆலயத்துக்கு உதவுகிறது என்பார்கள், உதவட்டும். மண்டபத்தை அரங்க நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடும்போது, இதற்குள் ஆடவரும் குழுக்களிடம் உறுதித்தொகை வசூலிக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் கூரை ஒழுகிவிடாது. பல்கலைக்கழகமும் இதையே செய்யலாம். கட்டடத்தின் உரிமையாளர் சொல்லும் நிபந்தனையை நிறுவனம் எளிதில் மறுக்க முடியாது. கலைஞர் சொன்னால் அடுத்த கலைஞரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

விழாச் சங்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதற்குத் தேர்வுக்குழுவும் வேண்டாம், அரசின் பணமும் வேண்டாம். தன் கையேட்டில் இடம்பெறும் ஒவ்வோர் அரங்கத்தைப் பற்றியும் அது சில செய்திகளைக் கேட்டு வாங்கி, குழுக்கள் கையெழுத்திடுவதற்கு முன்பே வெளியிட வேண்டும். குறைந்தபட்ச உறுதித்தொகை உண்டா, எவ்வளவு? வசூலிலிருந்து பிடிக்கப்படுபவை எவை? விழா முடிந்தபின் குழுவின் பங்கு எத்தனை நாளில் கைக்கு வரும்? சென்ற ஆண்டு அந்த அறையில், அந்த மணி நேரத்தில், சராசரியாக எத்தனை இருக்கைகள் நிறைந்தன? இந்தக் கடைசி எண் அரங்கத்தாரின் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. வசந்த காலத்தில் குழுக்கள் உடன்படிக்கைத் தாளை விரித்து வைத்துக்கொண்டு யோசிக்கும் வேளையில், அந்த எண் அவர்கள் பக்கத்து மேசையிலும் இருக்க வேண்டும்.